நாவல், கவிதை, நாடகம்: அந்தச் சுகம் எந்த இடத்தில் இருக்கிறது?

வழிப்போக்கன்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வாசிப்புப் பழக்கம் நிறையவே உண்டு. வரலாறு, அறிவியல், நீண்ட கட்டுரைகள் என்று தினமும் ஏதாவது படிப்பேன். ஆனால் இலக்கியம் மட்டும் ஒட்டவே மாட்டேன் என்கிறது. நாவலை எடுத்தால் ஐம்பது அறுபது பக்கத்தில் கை தளர்ந்துவிடும். கவிதையைப் படித்து முடித்தால் “சரி, அதற்கென்ன?” என்றுதான் தோன்றும். நாடகப் புத்தகத்தைத் தொட்டதே இல்லை.

பட்டியல் வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். பட்டியல்கள் என்னிடம் போதுமான அளவு இருக்கின்றன. நான் கேட்பது வேறு. இதையெல்லாம் படித்துக் கிறங்கிப் போகிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். படிக்கும்போது உங்களுக்குள் என்ன நடக்கிறது? அந்தச் சுகம் எந்த வரியில், எந்த இடத்தில் இருக்கிறது? யாராவது விரல் வைத்துக் காட்டினால் நன்றாக இருக்கும்.

பழுப்புத்தாள்

விரல் வைத்தே காட்டப் பார்க்கிறேன்.

தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ 1866இல் பத்திரிகையில் தொடராக வந்த நாவல். ஆறு பாகங்கள், கடைசியில் ஒரு பின்னுரை. கொலை முதல் பாகத்திலேயே நடந்துவிடுகிறது. யார் செய்தான், எப்படிச் செய்தான் எல்லாம் நம் கண் முன்னாலேயே. தகவலுக்காகப் படிக்கிறவருக்கு அங்கேயே விஷயம் முடிந்தது. மிச்சம் ஐந்து பாகம் எதற்கு என்று கேட்கத் தோன்றும்.

அந்தக் கொலை நடந்த சில நிமிடங்களைப் பாருங்கள். வட்டிக்குக் கொடுக்கும் கிழவியையும், எதிர்பாராமல் வந்து நின்ற அவள் தங்கையையும் கொன்றுவிட்டு ரஸ்கோல்னிகோவ் கிளம்பப் போகிறான். மாடிப்படியில் காலடிச் சத்தம். சட்டென்று உள்ளே போய்ச் சத்தமில்லாமல் கொக்கியைப் போடுகிறான். வந்தவர் மணியை இழுக்கிறார். பதில் இல்லை. கதவைப் பிடித்து உலுக்குகிறார். கொக்கி அதன் வளையத்தில் ஆடுகிறது. இவன் கையில் கோடாரியோடு அந்தக் கொக்கியையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். இரண்டாவதாக ஒருவர் வந்து சேர்கிறார். கதவு ஆடுகிற விதத்தை வைத்தே, இது வெளியே பூட்டிய கதவில்லை, உள்ளே ஆள் இருக்கிறது என்று அவர் கண்டுபிடித்துவிடுகிறார்.

அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது நான் “கொக்கி கழன்றுவிடக் கூடாது, கழன்றுவிடக் கூடாது” என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு பெண்களைக் கொன்றவன் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று! ‘கொலை செய்தவனும் நம்மைப் போன்றவன்தான்’ என்று ஒரு கட்டுரை சொன்னால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பத்திக்குப் போயிருப்பேன். நாவல் என்னைக் கேட்காமலே கதவுக்கு உள்பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

இதற்குத் தொடர்ச்சி ஒன்று இரண்டாம் பாகத்தில் வருகிறது. அவன் அதே வீட்டுக்குத் திரும்பிப் போகிறான். ஆட்கள் சுவரில் புதிதாகக் காகிதம் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். வாசலுக்கு வந்து அதே மணியை இழுத்துப் பார்க்கிறான். அதே தகரச் சத்தம். மறுபடியும் இழுக்கிறான். அந்த மணி முதலில் அடித்தபோது நாமும் உள்ளேதான் நின்றோம். அதனால்தான் இரண்டாம் தடவை அது அடிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது. கதைச் சுருக்கம் படித்தவருக்கு அது வெறும் மணி. நாவல் ஏன் இவ்வளவு நீளம் என்றால் இதற்காகத்தான். முதலில் நமக்கென்று சில நினைவுகளை உண்டாக்குகிறது. அப்புறம் அவற்றைத் தொடுகிறது. ஐம்பதாவது பக்கத்தில் கீழே வைக்கிறவருக்கு நினைவு சேர்ந்திருக்கும், அதைத் தொடும் இடம் வந்திருக்காது.

நடைமுறைக்கு ஒன்று. ரஷ்ய நாவல்களில் ரோடியான் ரொமானவிச், ரோத்யா, ரஸ்கோல்னிகோவ் எல்லாம் ஒரே ஆள். வீட்டில் கூப்பிடுவது ஒன்று, மரியாதைக்கு ஒன்று. இது தெரியாமல் “இத்தனை பேரா!” என்று பாதியில் விடுகிறவர்கள் உண்டு. ஒரு துண்டுத்தாளில் பெயர்களை எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நூறு பக்கத்துக்கு மேல் அந்தத் தாள் தேவைப்படாது.

கடைசிப்பக்கம்

பழுப்புத்தாள் சொல்வது அழகாக இருக்கிறது. ஆனால் “அடுத்து என்ன?” என்று பக்கம் புரட்டும் ஆசையை அவர் கொஞ்சம் ஓரம் கட்டுகிறாரோ என்று தோன்றுகிறது. 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வந்தபோது வாரா வாரம் காத்திருந்து படித்தார்கள். அதில் வாசகர் ஆனவர்கள் எத்தனை பேர்! அதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது.

கல்கி அதை எப்படிச் செய்கிறார் என்று கவனித்தால் அதுவே ஒரு சுகம். வந்தியத்தேவன் சோழ அரண்மனையின் உள்விவகாரம் தெரியாதவன், ஓலை கொண்டுபோகிற புது ஆள். நமக்கும் ஒன்றும் தெரியாது. அவன் ஒட்டுக் கேட்கும்போது நாமும் ஒட்டுக் கேட்கிறோம், அவன் ஏமாறும்போது நாமும் ஏமாறுகிறோம். எல்லாம் தெரிந்த ஒருவனைக் குதிரையில் ஏற்றியிருந்தால் அந்த நாவல் இப்படி ஓடியிருக்காது. வழிப்போக்கன், கதை விறுவிறுப்பாக இருக்கிறது என்பதற்காக ஒன்றைப் படிக்க நீங்கள் கூச்சப்படவே வேண்டாம்.

பழுப்புத்தாள்

ஓரம் கட்டவில்லை. கொக்கி ஆடுகிற இடத்தில் எனக்கும் அதே “அடுத்து என்ன”தான். நான் சொல்ல வந்தது, முடிவு தெரிந்த பிறகும் ஒரு நாவலில் ஏதாவது மிஞ்ச வேண்டும் என்பது. இரண்டாம் முறை படித்துப் பாருங்கள். மிஞ்சுவது எது என்று அப்போது தெரியும். வந்தியத்தேவனைப் பற்றி நீங்கள் எழுதியதே முதல் வாசிப்பில் கண்ணில் பட்டிருக்காது, இல்லையா?

கடைசிப்பக்கம்

உண்மை. மூன்றாம் முறை படித்தபோது பட்டது.

மழைக்குருவி

கவிதைக்கு நான் வருகிறேன். வழிப்போக்கன் “சரி, அதற்கென்ன?” என்று கேட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பாட்டிலிருந்தும் கருத்தை உருவி எடுத்துத் தேர்வுத்தாளில் வைக்கச் சொன்னார்கள். கருத்தை எடுத்த பிறகு பாட்டு எதற்கு? அந்தக் கேள்வி நமக்கு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஐந்தே அடி. குறுந்தொகையில் 25ஆம் பாட்டு, கபிலர் எழுதியது.

யாரும் இல்லை; தானே கள்வன்;
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ?
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

ஒரு பெண் தன் தோழியிடம் சொல்கிறாள். அவன் என்னைச் சேர்ந்த அன்று அங்கே யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவன் சொன்னதை இல்லை என்றுவிட்டால் நான் என்ன செய்வேன்? தினைத்தாள் மாதிரிச் சின்னப் பச்சைக் கால்களோடு, ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்தபடி ஒரு குருகு நின்றது. அவ்வளவுதான் விஷயம்.

இப்போது மெதுவாக. முதல் அடியில் “யாரும் இல்லை” என்று முடித்துவிடுகிறாள். பேசிக்கொண்டே போகும்போது ஞாபகம் வருகிறது. இல்லை இல்லை, ஒருவர் இருந்தார். யார்? ஒரு பறவை. வழக்குக்குச் சாட்சி தேடுகிறவள் தோண்டித் துருவிக் கண்டுபிடித்தது அதைத்தான். அந்தப் பறவையாவது அவர்களைப் பார்த்ததா? பார்க்கவில்லை. அதற்குப் பசி. அதன் கண்ணெல்லாம் மீன் மேல். இருந்த ஒரே சாட்சியும் திரும்பிப் பார்க்கவில்லை.

“எனக்குப் பயமாக இருக்கிறது” என்று அவள் எங்கேயும் சொல்லவில்லை. அந்தக் காலின் நிறத்தைச் சொல்கிறாள். அப்படிப்பட்ட ஒரு நேரத்தில் நாரையின் கால் பச்சையாக இருந்தது, தினைத்தாள் பருமன் இருந்தது என்று ஒருத்திக்கு நினைவிருக்கிறது என்றால், அவள் அந்த நாளைத் தனக்குள் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருப்பாள்! ஒருவேளை வெட்கத்தில் தலை குனிந்திருந்தாளோ என்னவோ. தண்ணீரும் பறவையின் காலும்தான் கண்ணில் பட்டிருக்கின்றன.

எனக்குச் சுகம் இங்கேதான். ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு குரல் ஒன்றை நினைவுபடுத்திக்கொள்கிற அந்த நொடியில் நானும் பக்கத்தில் இருக்கிறேன்.

வழிப்போக்கன்

மழைக்குருவி அக்கா, இதைப் பல தடவை படித்துவிட்டேன். ஒரு சந்தேகம், கோபிக்க வேண்டாம். தலை குனிந்திருந்தாள் என்பது பாட்டில் இல்லையே. நீங்களாகச் சேர்த்தது. இப்படி ஆளாளுக்குச் சேர்த்துக்கொண்டே போனால் எதை வேண்டுமானாலும் எந்தப் பாட்டிலும் பார்த்துவிடலாமே?

மழைக்குருவி

கோபமா? கவிதை படிக்கிறவர் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான்.

காலின் நிறம் பாட்டில் இருக்கிறது. மீனைப் பார்க்கிறது என்பது பாட்டில் இருக்கிறது. “யாரும் இல்லை” என்றவள் கடைசியில் ஒன்று இருந்தது என்பதும் பாட்டில் இருக்கிறது. இவற்றை யாரும் மறுக்க முடியாது. குனிந்த தலை என்னுடையது. அதனால்தான் “என்னவோ” என்று போட்டேன். பாட்டு அதற்கு இடம் கொடுக்கிறது, ஆனால் கட்டாயப்படுத்தவில்லை. நாளைக்கு வேறொருவர் “இல்லை, அவள் நேராகத்தான் பார்த்தாள், பறவை தூரத்தில் நின்றது” என்றால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் குருகு என்பது ஊர்ப் பெரியவர்களுக்குக் குறியீடு என்று யாராவது சொன்னால், எந்தச் சொல்லை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்பேன். சொல்லைக் காட்ட முடிந்தால் சரி. முடியாவிட்டால் அது வேறு பாட்டு.

இன்னொன்று. சங்கப் பாட்டுகளின் கீழே ‘தலைவி தோழிக்குக் கூறியது’ என்பது போல ஒரு குறிப்பு இருக்கும். நான் முதலில் அதைக் கையால் மறைத்துவிட்டு, யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று நானே ஊகித்துப் பார்ப்பேன். அப்புறம் கையை எடுப்பேன். குறுந்தொகையில் கடவுள் வாழ்த்து போக 401 பாட்டு இருக்கிறது. பெரும்பாலானவை நாலிலிருந்து எட்டு அடிக்குள். ஒரு நாளைக்கு ஒன்று போதும், அதற்கு மேல் வேண்டாம். வேகமாகப் படித்தால் எல்லாப் பாட்டும் ஒரே பாட்டு மாதிரித் தெரிய ஆரம்பித்துவிடும்.

செம்பருத்தி

நடுவில் ஒரு சின்ன விஷயம். வாய்விட்டுப் படியுங்கள். எனக்குக் கவிதை பிடிபட்டதே அப்படித்தான். கண் வரியைத் தாண்டி ஓடும், நாக்கு ஓடாது. ‘யானெவன் செய்கோ’ என்பதை உரக்கச் சொல்லிப் பார்த்தால் குரல் தானாகவே தாழும்.

நாடகப்பித்து

மழைக்குருவி காட்டிய பாட்டிலேயே நாடகம் பாதி வந்துவிட்டது. ஒருத்தி பேசுகிறாள், இன்னொருத்தி பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தத் தோழியின் முகம் எப்படி இருந்தது? அதைக் கேட்க ஆரம்பித்துவிட்டால் நீங்கள் நாடகம் படிக்கத் தயார்.

நாடகப் புத்தகத்தைத் திறந்தால் பெயர், அதற்கு எதிரே பேச்சு, பெயர், பேச்சு என்று வறட்சியாகத்தான் இருக்கும். வர்ணனை கிடையாது, யார் மனதில் என்ன என்று சொல்ல ஆள் கிடையாது. அந்தக் காலி இடத்தைப் படிக்கிறவர் நிரப்ப வேண்டும். உழைப்பும் அங்கேதான், சந்தோஷமும் அங்கேதான்.

‘ஹாம்லெட்’ நாடகத்தின் முதல் பேச்சு: “யார் அங்கே?” நள்ளிரவு, கோட்டைக் காவல். சாதாரணக் கேள்வி மாதிரித் தெரிகிறது. கேட்பவன் யார் என்று பாருங்கள். காவலில் நிற்கிறவன் கேட்கவில்லை. அவனை மாற்றிவிட வந்தவன் இருட்டுக்குள்ளிருந்து கேட்கிறான். நிற்கிறவன் உடனே “இல்லை, நீ பதில் சொல்” என்று திருப்புகிறான். கேட்க வேண்டியவன் ஒருவன், முந்திக்கொண்டு கேட்டவன் இன்னொருவன். ஏன்? வந்தவன் அதற்கு முந்திய இரவுகளில் அங்கே ஆவியைப் பார்த்திருக்கிறான். அது நமக்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் தெரியும். ஆனால் பயம் முதல் இரண்டு வரியிலேயே மேடைக்கு வந்துவிட்டது.

தமிழில் இதற்கு நான் எப்போதும் போகிற இடம் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை. காப்பியம்தான், ஆனாலும் நாடகமாகப் படித்துப் பாருங்கள். கண்ணகி ‘என் காற் பொற்சிலம்பு மணியுடை அரியே’ என்கிறாள். பாண்டியன் சொல்கிறான்:

தேமொழி உரைத்தது செவ்வை நன்மொழி
யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே

நீ சொன்னது நல்ல பேச்சு, எங்கள் சிலம்பில் இருப்பது முத்து. தீர்ப்புக்கான அளவுகோலை அரசனே தன் வாயால் சொல்லிவிட்டான். அவன் பொய்யன் இல்லை. தான் தோற்கப்போவது தெரியாத நேர்மையோடு சொல்கிறான். கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பைக் கொண்டுவரச் சொல்லி வைக்கிறான். அவள் உடைக்கிறாள். ‘மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே.’ ‘கொன்று அச்சிலம்பு கொணர்க’ என்று உத்தரவு போட்டதும் அதே வாய்தான்.

சிலம்பைக் கொண்டுவரச் சொன்னதற்கும் உடைவதற்கும் நடுவில் யாரும் பேசவில்லை. எவ்வளவு நேரம் அந்த மௌனம்? முத்துச் சிலம்பின் சொந்தக்காரி, கோப்பெருந்தேவி, அங்கேதான் இருக்கிறாள். அந்த நேரத்தில் அவள் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்? இளங்கோ சொல்லவில்லை. நீங்கள் முடிவு செய்யலாம். நான் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி முடிவு செய்கிறேன். ஒரு தடவை அவள் அரசனைப் பார்த்தாள். இன்னொரு தடவை தன் காலைப் பார்த்தாள்.

கடைசிப்பக்கம்

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நாடகம் பார்ப்பதற்கு எழுதப்படுவது. நடிகரின் குரலும் உடம்பும் இல்லாமல் படிப்பது பாதி அனுபவம்தான். மேடையில் பார்க்க வாய்ப்பில்லாதபோது படிக்கலாம், அவ்வளவே.

நாடகப்பித்து

மேடை பெரிய அனுபவம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பார்ப்பது இன்னொருவர் படித்த விதத்தைப் பார்ப்பது. செகாவின் ‘சீகல்’ 1896இல் பீட்டர்ஸ்பர்க்கில் முதல் முறை மேடையேறியபோது படுதோல்வி. இரண்டு வருஷம் கழித்து மாஸ்கோ கலை அரங்கம் அதையே போட்டது, பெரிய வெற்றி. நாடகம் அதேதான். அந்தப் பேச்சுகளுக்கு நடுவில் இருந்த அமைதியை ஒரு குழு கேட்டது, இன்னொன்று கேட்கவில்லை. நாடகத்தைத் தனியாகப் படிக்கிறவர் அந்த அமைதியைக் கேட்ட குழுவின் வேலையைத்தான் செய்கிறார். படித்துவிட்டுப் போய்ப் பாருங்கள். நீங்கள் மனதில் போட்ட நாடகத்துக்கும் மேடையில் இருப்பதற்கும் நடக்கும் சண்டை பிரமாதமாக இருக்கும்.

கடைசிப்பக்கம்

படித்துவிட்டுப் பார்ப்பது, சரி. பார்க்காமல் படித்ததோடு நிறுத்திக்கொள்வதை இன்னும் ஏற்க முடியவில்லை. ஆனால் வழக்குரை காதையை நான் இப்படி யோசித்ததில்லை, அதற்கு நன்றி.

செம்பருத்தி

வழிப்போக்கனுக்கு ஒரு யோசனை. மூன்றையும் தனித்தனியாகத் தேட வேண்டாம். பாரதியின் வசன கவிதையில் ‘காற்று’ பகுதியைப் படியுங்கள். உரைநடை மாதிரி ஆரம்பிக்கும், நடுவில் பாத்திரங்கள் பேசுவார்கள், முழுக்கக் கவிதை.

வழிப்போக்கன்

செம்பருத்தி சொன்னதைப் படித்தேன். நீங்கள் எல்லோரும் சொன்ன மாதிரி மெதுவாக, வாய்விட்டு.

பந்தல் ஒன்று. அதன் மூங்கிற்கழியில் மிச்சமாகத் தொங்கும் ஒரு சாண் கயிறு காற்றில் ஆடுகிறது. பக்கத்தில் இன்னொன்று. ஒன்றுக்குக் கந்தன் என்று பெயர், இன்னொன்றுக்கு வள்ளியம்மை. இரண்டுக்கும் காதல். கயிற்றோடு பேசினால் அது மறுமொழி சொல்லுமா என்று பாரதியே கேட்டுவிட்டு, பேசிப் பார் என்கிறார். அதுவும் அது சந்தோஷமாக இருக்கிற சமயம் பார்த்துப் பேச வேண்டுமாம்.

இதே நான் பழைய வேகத்தில் படித்திருந்தால் ‘காற்று உயிர் தரும் சக்தி’ என்று ஒரு வரியில் குறித்துக்கொண்டு போயிருப்பேன். இந்த முறை “மறுமொழி சொல்லுமா?” என்ற கேள்வியில் நின்றுவிட்டேன். அந்த இடத்தில் நிஜமாகவே அந்தக் கயிறு என்ன சொல்லப்போகிறது என்று காத்திருந்தேன். ஒரு சாண் கயிற்றுக்காக! கயிறு பேசாது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அது பேசாவிட்டால் ஏமாற்றமாக இருந்திருக்கும். பழுப்புத்தாள் சொன்ன கதவுக்கு உள்பக்கம் நிற்பது என்பது இதுதானா? அல்லது இது வேறு வகையா?

நாவலைத்தான் இன்னும் தொடவில்லை. நீளத்தை நினைத்தால் இப்போதும் தயக்கமாக இருக்கிறது.

பழுப்புத்தாள்

அதேதான். ஆள் கொலைகாரனாக இருந்தாலும் கயிறாக இருந்தாலும் உங்களை அந்தப் பக்கம் இழுத்துவிட்டார்கள். வித்தியாசம் ஒன்றுதான். பாரதி அதைச் சில வரிகளில் செய்கிறார், நாவலாசிரியர் நூற்றுக்கணக்கான பக்கங்கள் எடுத்துக்கொள்கிறார். அதனால் நாவலில் இழுபட்டவர் வெளியே வரவும் நாளாகும். தயக்கம் இருந்தால் இருநூறு பக்கத்துக்குள் அடங்கும் நாவல் ஒன்றில் ஆரம்பியுங்கள். பிடிக்காவிட்டால் மூடி வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள், யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாடகப்பித்து

வசன கவிதைப் புத்தகம் கையில் இருக்கும்போதே ‘காற்று’, ‘கடல்’ எல்லாம் தாண்டி ‘ஜகத் சித்திரம்’ வரைக்கும் போய்விடுங்கள். அதைச் சிறு நாடகம் என்றே எழுதியிருக்கிறார். மலையடிவாரத்தில் ஒரு காளி கோயில், நேரம் நடுப்பகல். கோயிலுக்கு எதிரே குளத்து நடுவில் தெப்ப மண்டபம். அதன் உச்சியில் உட்கார்ந்து காக்கையரசன் சூரியனைப் பார்த்துப் பேசுகிறான். பேச்சுக்கு முன்னால் வரும் அந்த மேடைக் குறிப்பைத் தாண்டிப் போய்விடாதீர்கள். காக்கை எங்கே உட்கார்ந்திருக்கிறது, யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு அதன் முதல் பேச்சை உரக்கப் படியுங்கள். அந்தக் குரலை நீங்கள் எப்படி வைத்துக்கொண்டீர்கள், ராஜா மாதிரியா, புலவர் மாதிரியா, என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.